மெட்ராஸ் ஐ என்று நினைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவியில் சைக்கிளில் இட்லி விற்கிறேன். எட்டு வருஷமாக இடுப்பு வலி. விடியற்காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை. அரை மணி நேரம் அடுப்படியில் நடமாடினால்தான் இளகும். அண்டா தூக்குகிறவனுக்கு வலிக்காதா என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் வலது கண் சிவந்தது. பீளை இல்லை, வெளிச்சம் பட்டாலே குத்தல். மருந்துக்கடையில் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் பெயராச்சே, நம்பிவிட்டேன்! நாலாம் நாள் பார்வை மங்கியது.

கண் டாக்டர் முதலில் கேட்டது, "காலையில் இடுப்பு விறைக்குமா?" என்றுதான். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற முதுகெலும்பு அழற்சியாம். அது உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வருமாம், யுவைடிஸ் என்றார். ஸ்டீராய்டு சொட்டில் இப்போது தெளிகிறது.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் முதுகு வலிக்குத் தைலமும் ஆசனமும் எழுதுகிறீர்கள். கண்ணையும் ஒரு வாரம் எழுதுங்களேன்.

இட்லி வியாபாரி ஒருவர்,
தாராவி, மும்பை