மல்யுத்தமா ஜூஜிட்சுவா? பெற்றோர்களுக்கு தலைமையாசிரியர் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கும், தினமும் பேரப்பிள்ளைங்கள மோட்டார்ல கொண்டு வந்து விடுற தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

போன பெற்றோர் ஆசிரியர் சங்க கூட்டத்துல புறப்பாட நேரத்துக்கு மல்யுத்தம் வைக்கலாமா ஜூஜிட்சு வைக்கலாமான்னு பேச்சு வந்துச்சு, நேரம் பத்தல, அதனால என் முடிவையும் அதுக்கு காரணத்தையும் இதுல எழுதுறேன். நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைங்க தைரியத்துல குறைச்சல் இல்ல, ஆனா செகாக் டெஸ்ட்டுல, அதாவது பள்ளிக்கூட உடற்தகுதி சோதனையில, 3 நிமிஷம் பெஞ்சு ஏறி இறங்குறதுக்குள்ள நெறைய பேருக்கு மூச்சு வாங்குது, தண்டால் எடுக்கச் சொன்னா இடுப்பு தொங்கிப் போயிடுது. 5 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷமாச்சும் நல்லா ஓடியாடணும், அதுல வாரத்துக்கு 3 நாளாச்சும் தசையும் எலும்பும் பலமாகுற மாதிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நமக்கு வேண்டியது மெடல் இல்ல, இதுதான்.

ரெண்டுமே ஆளைப் பிடிச்சி மடக்குற விளையாட்டுதான், ஆனா விதிமுறை வேற, அதனால உடம்பு பழகுற விதமும் வேற. மல்யுத்தத்துல ரெண்டு தோளும் மேட்டுல, அதாவது கீழ விரிச்சிருக்கிற மெத்தை விரிப்புல, பட்டு எதிராளி அப்படியே அழுத்திப் பிடிச்சிட்டான்னா ஆட்டம் முடிஞ்சிச்சு. அதனால மல்லாக்க படுக்கவே முடியாது, எப்பவும் எழும்பணும், தள்ளணும், திமிறணும். பெரியவங்க போட்டி 3 நிமிஷம், 30 செகண்ட் ஓய்வு, மறுபடி 3 நிமிஷம், அவ்ளோதான், ஆனா சும்மா நின்னா ரெஃப்ரி விட மாட்டாரு, எச்சரிக்கை வரும், எதிராளிக்கு பாயிண்டும் போகும். இந்த வேகத்துலதான் தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் சீக்கிரம் இறுகுது, மூச்சும் கூடுது. தோட்டத்துல செம்பனைக் குலைய தூக்கி லாரியில போடுற அப்பாமார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, கையால மட்டும் தூக்குனா முதுகு போயிடும், இடுப்ப உள்ள குடுத்துத்தான் தூக்கணும், மல்யுத்தத்துல ஆள தூக்குறதும் அதே கணக்குதான்.

ஜூஜிட்சு, அதாவது பிரேசில் முறை, அது ஜப்பான் ஜூடோவுலேர்ந்து பிரிஞ்சி வந்தது. மாயேடா மிட்சுயோங்கிறவர் 1914ல பிரேசிலுக்குப் போயி அங்க சொல்லிக் குடுத்தாரு, கிரேசி குடும்பம் அத வளர்த்துச்சு. இதுல மல்லாக்க படுத்தாலும் தோல்வி இல்ல, அங்கேர்ந்தே காலால எதிராளிய கட்டிப் பிடிச்சி சண்டை போடலாம். வெள்ளை பெல்ட்டு பெரியவங்களுக்கு 5 நிமிஷம், கறுப்பு பெல்ட்டுக்கு 10 நிமிஷம், நடுவுல ஓய்வே கெடையாது, ஆனா மூச்ச சேர்த்து வச்சி பொறுமையா ஆடலாம். கெட்டித் துணி சட்டையப் பிடிச்சி பிடிச்சி விரல் பிடியும் முன்கையும் பலமாகும், இடுப்பு நல்லா வளையும், ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கிற சக்தி வரும். வயசானவங்களும் இத பழகலாம், அது இதோட பெரிய நல்லது. ஆனா புதுசா சேர்ற சின்னப் புள்ள முதல் சில மாசம் பாதி நேரம் படுத்துக்கிட்டு யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கும், வேர்வை வர்றதுக்கே நாளாகும்.

அதனால என் முடிவு, நாலாம் ஆண்டுலேர்ந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் மல்யுத்தப் பயிற்சிய அடிப்படையா வச்சிக்கிறது, வாரத்துக்கு ரெண்டு நாள், பாடம் முடிஞ்சி. கரடி மாதிரி நாலு கால்ல நடக்குறது, குனிஞ்சி கால் பிடிக்க பாயறது, தண்டால், பஸ்கி, ஜோடியா தள்ளுறது. சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் ஜூஜிட்சு தரைப் பயிற்சி, பிடிய விடுவிக்கிறது, இடுப்ப நகர்த்துறது மட்டும். கழுத்து நெரிக்கிறது, மூட்டு மடக்குறது எதுவும் நம்ம பள்ளியில கெடையாது. இப்படி உடம்பு எடையிலயே ஒழுங்கா பழகுனா பிள்ளை வளராதுன்னு சில பாட்டிமார்கள் பயப்படுறீங்க, அப்படி இல்ல, கூட ஆள் இருந்து பார்த்துக்கிட்டா வளர்ச்சிக்கு ஒன்னும் ஆகாது.

இது வெளிநாட்டு விளையாட்டுன்னு ஒரு தாத்தா வருத்தப்பட்டாரு. ஐயா, சங்க காலத்துலயே சோழன் போரவைக்கோ பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோட மோதி, ஒரு கால அவன் மார்புல ஊன்றி அடக்குனத நம்ம புலவர் பாடி வச்சிருக்காரு. பல்லவன் மாமல்லனுக்கு அந்தப் பேரே மற்போராலதான்.

பொம்பளப் பிள்ளைங்களையும் அனுப்புங்க, இத கெஞ்சியே கேக்குறேன். 2004 ஏதென்ஸ்லேர்ந்து ஒலிம்பிக்ல பெண்கள் மல்யுத்தம் இருக்கு, 2016 ரியோவுல இந்தியாவோட சாக்ஷி மாலிக் வெண்கலம் வாங்குனாங்க. பொம்பளப் பிள்ளைங்க தங்களுக்குள்ளதான் ஜோடி சேர்வாங்க, டீச்சர் ஒருத்தர் எப்பவும் கூட இருப்பாங்க.

இன்னொன்னு, இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். எடை குறைக்கிறதுக்காக யாரும் பிள்ளைய பட்டினி போடக்கூடாது, தண்ணிய நிறுத்தக்கூடாது. 1997ல அமெரிக்காவுல மூணு காலேஜ் மல்யுத்த வீரருங்க போட்டிக்கு எடை குறைக்கப் போயி, சூட்டுல வேர்க்க வச்சி தண்ணி குடிக்காம ரெண்டு மாசத்துக்குள்ள ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா செத்துட்டாங்க, அப்புறம்தான் அங்க விதிய மாத்துனாங்க. நம்ம ஊரு வெயில்ல அது இன்னும் ஆபத்து. பயிற்சி நாள்ல வழக்கம் போல சோறு, முட்டை, பருப்பு குடுங்க, தண்ணி பாட்டில் கட்டாயம், கலர் தண்ணி வேணாம்.

நகம் வெட்டி அனுப்புங்க, வீட்டுக்கு வந்ததும் குளிக்க வைங்க, போட்ட சட்டைய அன்னிக்கே தொவைங்க, மேட்டு விரிப்புலேர்ந்து தோல் படை ஒட்டிக்கும். தோல்ல புண்ணோ அரிப்போ இருந்தா அந்த வாரம் பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும், திட்ட மாட்டோம்.

கூட இருக்கிற பாரத்துல கையெழுத்து போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வகுப்பு ஆசிரியர்கிட்ட குடுத்திடுங்க. ஆஸ்துமா, இதயப் பிரச்சனை, ஏற்கெனவே கை கால் ஒடிஞ்சது ஏதாச்சும் இருந்தா மறைக்காம எழுதுங்க, கிளினிக் கடிதம் இருந்தா அதையும் சேர்த்து வைங்க. காசு எதுவும் கட்ட வேண்டியதில்ல.

அன்புடன்,
தலைமையாசிரியர்