இலை, காது, கண்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "ஸ்கூல்ல ஏதோ இலையக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் சர்க்கரை மண்ணு மாதிரி ஆயிடுச்சு" என்று சொன்னதைக் கேட்டுச் சிலர் பதறிப்போய் போன் செய்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது சிறுகுறிஞ்சான், நம் வேலியோரத்துக் கொடிதான். புலன்கள் பாடத்துக்காக அறிவியல் ஆசிரியை கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு இலை, நன்றாக மென்று துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, அப்புறம் கொஞ்சம் சர்க்கரை. நறநறவென்று பல்லில் படுகிறதே தவிர இனிப்பு துளியும் இல்லை. நானும் மென்று பார்த்தேன். ஆனால் அதே நாக்குக்கு உப்பும் புளியும் வழக்கம்போலத் தெரிகின்றன. இனிப்புக்கென்று சுவை மொட்டுகளில் தனி ஏற்பி, அதாவது சுவையை வாங்கி நரம்புக்குச் சொல்லும் நுண்ணிய உறுப்பு, உண்டு, இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலம் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது, சர்க்கரையால் அதைத் தூண்ட முடிவதில்லை, அவ்வளவுதான். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். கடைசி பீரியடில் செய்ததால், வீட்டுக்குப் போன சூட்டோடு டீயில் சர்க்கரையே இல்லை என்று சிலர் சண்டை போட்டதாகக் கேள்வி.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், சர்க்கரை மாறவில்லை, நாக்கில் ஒரு ஏற்பி அடைபட்டதும் பிள்ளைக்கு உலகமே அந்த அளவுக்கு மாறிவிட்டது. மூளைக்கு வெளிச்சமும் தெரியாது, சத்தமும் தெரியாது. நரம்பு வழியாக வரும் மின் துடிப்புதான் வருகிறது, எந்த நரம்பில் வந்தது என்பதை வைத்துத்தான் பார்த்தோம், கேட்டோம் என்கிறோம். கண்ணில் அடிபட்டால் பொறி பறக்கிறதே, வெளியே வெளிச்சம் எதுவும் இல்லை, விழித்திரை அதிர்ந்ததைக் கூட மூளை வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. மிளகாய்க் காரமும் அப்படித்தான், அது சுவையே இல்லை. ஏறக்குறைய 43 டிகிரி சூட்டுக்கு விழித்துக்கொள்ளும் ஏற்பியை மிளகாயில் உள்ள கேப்சைசினும் தட்டி எழுப்பிவிடுகிறது, அதனால்தான் வாய் 'எரிகிறது'. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "கவனமே இல்லை சார், நாலு அடி போடுங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறீர்கள். அடிப்பதெல்லாம் இங்கே கிடையாது, அது இருக்கட்டும். திட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குக் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தீர்களா? கரும்பலகையில் இருப்பது தெரியாத பிள்ளை அதை வந்து சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும், நாம் அதைக் காப்பி என்போம். இலைக்குப் பழுப்பு வண்ணம் அடிக்கும் பையன் குறும்பு செய்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். விழித்திரையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் கூம்பு செல்களில் குறை இருந்தால் அவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிற பிள்ளை என்றால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்களில் உள்ள நிறமி அது இல்லாமல் உண்டாகாது. முருங்கைக்கீரை போடுங்கள், கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள்.

காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது. உள்காதில், நத்தை ஓடுபோல் சுருண்ட பகுதிக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள். சத்தம் வரும்போது உள்ளே இருக்கும் திரவம் அசைய, இழை சாய்ந்து, அந்தச் சாய்வுதான் மின் துடிப்பாகிறது. நாக்கின் சுவைச் செல்கள் ஒன்றிரண்டு வாரத்தில் புதிதாக வந்துவிடும், மூக்கிலும் புதிதாக முளைக்கும். காதில் முளைக்காது. பிறக்கும்போது கொண்டுவந்தது கடைசிவரை, போனது போனதுதான். அதுவும் கூர்மையான ஒலிகளுக்கான செல்கள்தான் முதலில் போகும், 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மங்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொன்னோம் என்று பிடிபடாது. இயர்போனில் கேட்பதென்றால் பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், அதுவும் 75 டெசிபலுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. பஸ் சத்தத்தை அமுக்குகிற அளவுக்கு இயர்போனில் பாட்டு வைத்தால் அந்த அளவு எங்கேயோ போய்விடும். ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை ஆடவிட்டு வீடியோ எடுக்கிறீர்களே, தயவுசெய்து பத்தடி தள்ளியாவது நிறுத்துங்கள். காதுக்குள் எண்ணெய், ஹேர்பின் எதுவும் வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். கொடுக்க மாட்டேன். வெயில் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவானில் 2010இல் இருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்கிறார்கள், நாம் கொடுப்பது ஒரே ஒரு பீரியட். புத்தகத்தையும் போனையும் மூக்கருகே வைத்தே வளரும் பிள்ளைக்கு விழிக்கோளம் நீண்டுவிடுகிறது, அதனால்தான் கிட்டப்பார்வை, நீண்டது திரும்பச் சுருங்காது.

வரும் சனிக்கிழமை காலை எல்லா வகுப்புக்கும் பார்வைச் சோதனை வைத்திருக்கிறோம். ஆறு மீட்டர் தள்ளி நின்று எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும், வேறொன்றுமில்லை. பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கும் தாளில் அடிக்கடி காது வலி, சீழ், தலைவலி, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இப்படி எது இருந்தாலும் எழுதி வெள்ளிக்குள் அனுப்புங்கள். ஏற்கெனவே கண்ணாடி வாங்கியவர்கள் அன்று மறக்காமல் போட்டு வரட்டும். கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பெண் பிள்ளைகளைக் கழற்றி வைக்கச் சொல்லும் வீடுகள் சில இருக்கின்றன, அவர்கள் மட்டும் சோதனை முடிந்ததும் என் அறைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்