பிரிக்பீல்ட்ஸிலிருந்து மச்சானுக்கு

மச்சான்,

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். அதற்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய "ம்" வந்து சேர்ந்தது. அந்த ஒற்றை எழுத்தில் என்னென்ன திட்டு அடங்கியிருந்தது என்று தங்கச்சி போன் பண்ணி விளக்கமாகச் சொல்லிவிட்டது. சரி, திட்டு. ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. போனில் சொல்லும் விஷயம் இல்லை, அதனால்தான் இந்த நீள மெயில்.

வீட்டில் எல்லாரும் நலம். பெரியவளுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம் பரீட்சை, வீடே டியூஷன் சென்டர் மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. பத்துமலையில் நம் சங்கிலிப் பயலைப் பார்த்தேன். அதே சட்டை, அதே பேச்சு, அதே நூறு வெள்ளி (ரிங்கிட்) கடன். கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இப்போது வேலை. நான் தணிக்கை அலுவலகத்தை விட்டுவிட்டு இந்த இன்டர்நெட் கம்பெனிக்குப் போகிறேன் என்றதும் நீ சொன்னாய், "பிங்பாங் மேசை இருக்கிற ஆபீசில் சம்பளம் நிலைக்காது" என்று. மேசை இருக்கிறது. ஆனால் யாரும் விளையாடி நான் பார்த்ததில்லை; தாபாவ் சாப்பாட்டுப் பொட்டலங்களும் பழைய மானிட்டர்களும்தான் அதன் மேல் குடியிருக்கின்றன.

ஆபீஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு கடைவீட்டின் முதல் மாடி. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணிக்கு ரசம் தாளிக்கும் வாசனை ஏசி வழியாக வந்துவிடும், அப்புறம் ஒருத்தனுக்கும் வேலை ஓடாது. மொத்தம் பதினொரு பேர். முதலாளிப் பையனுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, மெல்பர்னில் படித்தவன். அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை; "பாஸ்" என்றே ஓட்டுகிறேன். என்னை எல்லாரும் "அண்ணே" என்கிறார்கள். டிசைன் பண்ணும் சீனப் பெண்ணும், கோத்தா பாருவிலிருந்து வந்த பையனும்கூட. மாமாக் சாப்பாட்டுக் கடையில் பழகிய பழக்கம், எனக்கு ரொட்டி சானாய் ஆர்டர் கொடுக்காத குறைதான். கார்டில் என் பதவி "ஹெட் ஆஃப் பைனான்ஸ்". அந்தப் பிரிவில் தலையும் நான், வாலும் நான். ஹெச்.ஆர். நான். ஏசி ரிப்பேர்க்காரனைக் கூப்பிடுவதும் நான்.

உன் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தால் பஸ் வந்து நிற்கும். இங்கே நேரக் கட்டுப்பாடு இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். காலையில் பத்தரைக்கு வரலாம், உண்மைதான். ராத்திரி பதினொன்றரைக்கு "ஒரு சின்ன விஷயம்" என்று செய்தி வரும், அதுவும் உண்மைதான். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்று சட்டம் இருக்கிறது பாஸ் என்று ஒரு நாள் சொன்னேன். "அண்ணே, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றான். குடும்பம் என்பதும் ஒரு வகையில் சரிதான். கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று எந்தக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

விஷயமே அதுதான் மச்சான். காசு எவ்வளவு இருக்கிறது என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தன் நான்.

எங்கள் தொழில் உனக்குத் தெரியும். சின்னக் கடைக்காரர்கள் போனிலேயே இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) போட ஒரு ஆப். மாதம் 39 வெள்ளி. வருமான வரி வாரியம் கேட்கிறதே 55 விவரம், அதைப் பூக்கடைக்காரரும் மளிகைக்காரரும் எப்படி நிரப்புவார்கள்? நாங்கள் நிரப்பிக் கொடுப்போம். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம்தான், ஆனால் அதைத் திறந்து பார்த்துவிட்டு எங்களிடம் ஓடி வந்தவர்கள் நிறைய. 2024 ஆகஸ்டில் 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாகியது. அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கி வரும், 2026இல் எங்கள் ஆட்கள் முறை வரும், நாட்டில் உள்ள அத்தனை சின்னக் கடையும் எங்கள் வாசலில் நிற்கும். இதுதான் கணக்கு. நானும் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? முதலில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வெள்ளிக்குக் கீழே வியாபாரம் உள்ளவர்களுக்குத்தான் விலக்கு என்றார்கள். 2025 ஜூனில் அதை 5 லட்சம் ஆக்கினார்கள். டிசம்பரில் 10 லட்சம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். என் மாமாவின் முடிதிருத்தும் கடைக்கே அது பெரிய நிம்மதி. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே. மறுநாளே தெருமுனைப் பூக்கடை அக்கா மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டது: "தம்பி, கவர்மென்டே வேணாம்னு சொல்லிருச்சே, நான் எதுக்கு மாசாமாசம் ஒனக்கு 39 வெள்ளி கட்டணும்?" என்னிடம் பதில் இல்லை. போகும்போது ஒரு முழம் பூவைக் கையில் திணித்து, "வீட்டுல குடு" என்றது. அந்த வாரம் கணக்கை மூடியவர்கள் பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

ஆபீசில் என்ன நடந்தது என்கிறாய்? ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் வட்டமாக நின்று பேசுவோம்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதாவது உண்டா. பத்து நிமிடம் என்று பேர், முக்கால் மணி நேரம் ஓடும், என் முழங்கால் கெஞ்சும். என் முறை வரும்போது, "நேற்று கணக்குப் பார்த்தேன், இன்றும் பார்ப்பேன், தடை இல்லை" என்பேன். முதலாளிப் பையன் அப்போது போனைப் பார்ப்பான். ஜூன் வரைக்கும் சம்பளம் கொடுக்கலாம். அதற்குள் சிங்கப்பூர் ஆட்கள் பணம் போட வேண்டும். போடுவார்கள் என்று அவன் நம்புகிறான். அவர்கள் மெயிலில் வரும் வார்த்தைகளைப் படித்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்" என்று சொல்வார்களே, அந்த மாதிரி எழுதுகிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு ஆபீசில் யீ சாங் சாலட் வைத்தார்கள். பிங்பாங் மேசையை அன்றைக்குத்தான் துடைத்தார்கள். நீள நீளமாகச் சீவிய கேரட், முள்ளங்கி, மேலே சால்மன், பிளம் சாஸ். சாப்ஸ்டிக்கால் எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குத் தூக்கி எறிந்தார்கள். "பண்டிங்! பண்டிங்!" என்று முதலீட்டுப் பணத்தைக் கூப்பிட்டுக் கத்தினான் முதலாளிப் பையன், எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஒரு கேரட் நார் என் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கும்போதுதான் நம் சுங்கை சிப்புட் பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

இவனைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஆப்பை முக்கால்வாசி எழுதியவன். அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், இவன்தான் வீட்டில் முதல் பட்டதாரி. போன தீபாவளிக்கு அவன் அம்மா செய்த அதிரசத்தை டப்பாவோடு தூக்கி வந்து மொத்த ஆபீசுக்கும் கொடுத்தான். "அண்ணே, ஒரு லெட்டர் வேணும்" என்றான். காஜாங் பக்கம் ஓர் அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறான். புக்கிங் பணம் கட்டிவிட்டான். 35 வருடக் கடன். நிரந்தர ஊழியர், இவ்வளவு சம்பளம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் பேங்க் கொடுத்துவிடும். "அம்மாவையும் அப்பாவையும் கூட்டிட்டு வந்துரலாம்ணே."

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நான்.

எழுதினால் பொய் ஒரு வார்த்தை இருக்காது. நிரந்தர ஊழியர்தான். சம்பளம் அதுதான். பேங்க் கேட்கும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சுத்தமாக இருக்கிறது. ஈ.பி.எஃப். (சேமநிதி) பட்டியலும் சுத்தம், அது மட்டும் என் கைங்கரியம். ஜனவரியில் முதலாளிப் பையன் மெதுவாக வந்து, "ஈ.பி.எஃப்.ஐ ஒரு மாதம் தள்ளிக் கட்டலாமா?" என்றான். மாதம் பதினைந்தாம் தேதி கெடு என்று அவனுக்கும் தெரியும். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், 6 வருடம் வரை ஜெயில், கம்பெனி இல்லாமல் போனாலும் டைரக்டர்தான் பொறுப்பு என்று எடுத்துச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பேச்சு அப்புறம் வரவில்லை. உன் அக்காவுக்கு அந்தத் துணி பேக்டரியில் நடந்ததைப் பார்த்தவன் நான், அதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

கெட்டவன் இல்லை மச்சான். நவம்பரிலிருந்து அவன் தனக்குச் சம்பளம் எடுக்கவில்லை. சம்பள லிஸ்ட் போடும் எனக்குத்தான் அது தெரியும். அதனால்தான் கோபமும் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை அவனை மட்டும் கீழே கூட்டிப் போய்த் தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்: எல்லாரிடமும் நிலைமையைச் சொல், ஜூன் என்று மாதத்தைச் சொல்லியே சொல். அவன் பதில் சுருக்கமாக இதுதான்: "சொன்னால் நல்ல புரோகிராமர் எல்லாம் அடுத்த வாரமே போய்விடுவார்கள். ஆள் போனால் சிங்கப்பூர்க்காரனும் போய்விடுவான். சொல்லாமல் இருந்தால் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது." அவன் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாய்ப்புக்கு வட்டி கட்டப்போவது யார்? 35 வருடம்! நான் அவனுக்கு வரும் வெள்ளிக்கிழமை வரை டைம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் அவன் சொல்லவில்லை என்றால் இந்தப் பையனிடம் நான் சொல்லிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டேன். டீ ஆறிப்போயிற்று, குடிக்காமலே எழுந்து போனான். பையனிடம், "லெட்டர் அடுத்த வாரம்டா, சீல் செய்யக் கொடுத்திருக்கிறேன்" என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஆள் குறைப்பு வந்தால் என்ன செய்வது என்று நானே ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். லேபர் ஆபீசுக்கு முப்பது நாள் முன்னாடி தெரிவிக்க வேண்டும். சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை காப்புறுதி இருக்கிறது, 2018இலிருந்து. சம்பளச் சீட்டில் மாதா மாதம் சில வெள்ளி போகும், ஒருத்தனும் அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டான். வேலை போய் அறுபது நாளுக்குள் விண்ணப்பித்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், அப்புறம் குறைந்துகொண்டே ஆறு மாதம் வரை. அவர்கள் உச்சவரம்பு வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், ஆனாலும் வாடகைக்கு ஆகும். உன் மச்சினன் வேலை போய் உட்கார்ந்திருக்கிறான் என்றாயே, அவன் விண்ணப்பித்தானா? கெடு தாண்டுவதற்குள் போகச் சொல்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பையனின் ரெசுமேயை இதோடு இணைத்திருக்கிறேன். உன் இடத்தில் டெஸ்டிங் மென்பொருள் எழுத ஆள் கிடைக்கவில்லை என்று தீபாவளிக்குப் புலம்பினாய். 1972இலிருந்து பாயான் லெப்பாஸில் பேக்டரிகள் ஓடுகின்றன, இன்னும் ஒரு ஆளுக்கா இடம் இருக்காது? உன் ஹெச்.ஆர். அம்மாவிடம் காட்டு, ஆனால் பையனுக்கு நேராகப் போன் பண்ணிவிடாதே. முதலில் நான் சொல்ல வேண்டும், அவன் உன்னிடமிருந்து தெரிந்துகொண்டால் என் முகத்தில் விழிக்க மாட்டான். வியாழனுக்குள் உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. "ம்" வேண்டாம்.

என்னைப் பற்றிக் கேட்பாய். எனக்கென்ன, பழைய தணிக்கை அலுவலகத்தில் ஏப்ரலில் வரி சீசன், கூப்பிட்டால் போய் உட்காருவேன், நாற்காலிகூட அதே நாற்காலியாகத்தான் இருக்கும். நோன்புப் பெருநாள் விடுமுறைக்குக் கண்டிப்பாக வருகிறேன், பாலத்தில் ஜாம் என்றாலும் வருகிறேன். தங்கச்சியிடம் நண்டு வாங்கி வைக்கச் சொல். சங்கிலியிடம் சொல்லாதே.

உன்
கணக்கப்பிள்ளை