கண்ணாடி என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இலக்கியம், அரசியல், மதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'இலக்கியம் காலத்தின் கண்ணாடி' என்று தொடங்கி, அதிலேயே முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அது போதவில்லை.

சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்வோம். சமண முனிவர் திருத்தக்கதேவர் பாடியது. சோழ அரசன் அதில் மனத்தைப் பறிகொடுத்துக் கிடந்தான், அவனைச் சைவத்தின் பக்கம் திருப்பவே அமைச்சர் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அப்படியே நடந்ததா தெரியாது. ஆனால் ஒரு காவியத்தை இன்னொரு காவியத்தால்தான் வெல்ல முடியும் என்று அன்றைக்கு நம்பியிருக்கிறார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பற்றிய கதை இதற்கு நேர்மாறு. சிந்தாமணிக்கு அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஒப்பவில்லையாம். அப்புறம் சமண நூல்களைக் கற்று வந்து மறுபடி எழுதினாராம்.

1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் உ.வே. சாமிநாதையரிடம் 'படித்ததுண்டா?' என்று கேட்டதும் இதே நூலைப் பற்றித்தான். ஐயர் திருவாவடுதுறைச் சைவ மடத்துத் தமிழில் ஊறியவர். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று படித்ததற்குக் கணக்கில்லை. சிந்தாமணி அந்தப் பட்டியலில் இல்லை. ஏட்டைப் பிரித்தால் விளங்காத இடங்கள் ஏராளம். கூச்சப்படாமல் அவ்வூர்ச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் அச்சில் வந்தது. எந்தக் காவியத்திலிருந்து அரசனை மீட்கப் பெரியபுராணம் பிறந்ததாகச் சொன்னார்களோ, அதைச் சைவ மடத்தில் படித்த ஒருவரே மீட்டுக் கொடுத்தார்!

அதோடு நிற்கவில்லை. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. பழந்தமிழரின் பெருமை பேசிய பிற்கால அரசியல் மேடைகளுக்குச் சரக்கு இங்கிருந்துதான் போனது. 1968-இல் மெரினா கடற்கரையில் கண்ணகிக்குச் சிலையே வைத்தார்கள். பதிப்பித்தவருக்கு அந்த அரசியல் நோக்கம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

1943-இல் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாட, தமிழறிஞர்கள் ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் செய்தார்கள். ஒரு காலத்தில் அரசவையில் ஏறிய நூல், இப்போது கூண்டில் ஏறியது. இதையெல்லாம் எந்தக் கண்ணாடியில் பார்ப்பது?

என் அனுபவம் ஒன்று. கம்பனை நான் முதன்முதலில் கையில் எடுத்ததே, அவரை வறுத்தெடுத்த ஒரு மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள்தான். பேச்சாளர் குறை சொன்ன பாட்டைத் தேடப் போய், அதற்கு முன்னும் பின்னும் இருந்த பாட்டுகளில் மாட்டிக்கொண்டேன்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், உரையாசிரியர்களையும் பதிப்பாசிரியர்களையும் பற்றி நாலு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்