கிராம சபையில் பிள்ளைகளும் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 1 அன்று எங்கள் ஊரில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டும் கையுமாக எழுந்து நின்றாள். அவளுடைய பள்ளியை ஒட்டியிருக்கும் அங்கன்வாடிக்குத் தகரக் கூரை. அவள் தம்பி அங்கேதான் இருக்கிறான். பங்குனி முழுக்க மதிய இடைவேளையில் அங்கே போய், அறிவியல் ஆசிரியை கொடுத்த வெப்பமானியைப் பார்த்து, 'வெளியே', 'உள்ளே' என்று கோடு போட்டுத் தேதிவாரியாக எழுதியிருந்தாள். பெரும்பாலான நாட்களில் உள்ளேதான் சூடு அதிகம்.

முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள், "ஓட்டு இல்லாத பிள்ளைக்கு இங்கே என்ன பேச்சு? உட்காரும்மா" என்றார் ஒரு பெரியவர். அவளும் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பது சரிதான். ஆனால் வாக்கு வேறு, பேச்சு வேறு. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா அதை 1992-லேயே ஏற்றுக்கொண்டது. பருவநிலை மாற்றமும் குழந்தைகளின் உரிமைப் பிரச்சினைதான் என்று விளக்கும் பொதுக் கருத்துரையை 2023-ல் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு வெளியிட்டது. அதற்காக 121 நாடுகளின் பிள்ளைகளிடமிருந்து 16,331 கருத்துகளைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக்கூட ஐந்து நிமிடம் கேட்க முடியவில்லை.

தெருவில் துணி தேய்ப்பவரின் கரியைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் பேசியபோது நாமெல்லாம் பூரித்துப்போனோம். அவரும் தம் தெருவிலிருந்துதான் தொடங்கினார்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நவம்பர் 1 கூட்டத்திலாவது முதல் அரை மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்கள் சொல்வது தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஊரக வளர்ச்சித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், இதற்குத் தனி நிதிகூடத் தேவையில்லை.

அந்த நோட்டைப் பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜூன் மாதத்துக்கும் பக்கங்கள் எழுதியிருக்கிறாள். தகரக் கூரை அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை மாவட்டம்