ஞாயிறு பேச்சு: மதுக்கூடத்தில் நின்ற ஜெனரல்

நண்பர்களே, இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு ஸ்தானிஸ்வாவ் மாச்செக் பற்றிப் பேசுவோம். போலந்தின் கவசப் படையோடு (டாங்கிப் படை) போய், 1944 அக்டோபரில் நெதர்லாந்தின் பிரெடா நகரை ஜெர்மானியரிடமிருந்து மீட்டவர். ஊருக்குப் பெரிய சேதமில்லாமல் மீட்டார், அதுதான் விசேஷம்.

போர் முடிந்ததும் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவர் யாரோடு சேர்ந்து போரிட்டாரோ, அந்தப் பிரிட்டனோ ஜெனரலுக்குரிய ஓய்வூதியம் தரவில்லை. அப்புறம் என்ன, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு ஹோட்டல் பாரில் மது ஊற்றிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். பழைய வீரர்கள் வந்தால் முதலில் விறைப்பாக ஒரு சல்யூட், பிறகுதான் ஆர்டர் என்று சொல்வார்கள். 1994இல், 102 வயதில் காலமானார். பிரெடாவில், தன் வீரர்களுக்கு நடுவே அடக்கம்.

அன்றைக்கு மட்டுமாவது குட் மார்னிங் படங்கள் வேண்டாம், ப்ளீஸ்.