ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள்: நூலகப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூற்பட்டியல் பிரிவுப் பொறுப்பாளர்களே,

வணக்கம். சிங்கப்பூர் நூலகப் பட்டியலில் ஒரே தமிழ் எழுத்தாளரின் பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடக்கும் பிரச்சினை உங்களுக்கே தெரியும், பல பேர் பல தடவை சொல்லியாகிவிட்டது. போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு பொதுவில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், எழுபதைத் தாண்டியவர். சுப்பிரமணியன் என்ற எழுத்தாளரின் கதைத் தொகுப்புகளைத் தேடி உங்கள் கணினி முன்னால் உட்கார்ந்தார். தமிழில் அடித்தார், கொஞ்சம் வந்தது. ஆங்கில ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி அடித்தார், வேறு ஒன்றிரண்டு வந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சகரத்துக்கு ஆங்கில ‘சி’ (c) போடுவார்கள், மிச்சமெல்லாம் அங்கே கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, அதே தலைப்பெழுத்துள்ள வேறொருவர் எழுதிய நீரிழிவு நூலும் இவர் கணக்கில் சேர்ந்திருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அவர் எழுதினதே இவ்வளவுதான் போல” என்று எழுந்துவிட்டார்.

இதற்கு வழி இல்லாமலா இருக்கிறது? ஒருவரின் பல பெயர் வடிவங்களை ஒரே ஆளின்கீழ் ஒழுங்குபடுத்துவது, அத்தாரிட்டி கண்ட்ரோல் என்று நீங்கள் சொல்லும் வேலையே இதுதானே. எழுத்துக்கூட்டலை நம்பாமல் எழுத்தாளருக்கு மாறாத ஓர் இணைய அடையாளம் கொடுத்து, தமிழ்ப் பெயர், ‘எஸ்’, ‘சி’, புனைபெயர் எல்லாவற்றையும் அதன்கீழ் சேர்த்து, அதை, பல நாட்டு நூலகங்களின் ஆசிரியர் பெயர்ப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் வியாஃப் (VIAF), விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவு ஆகியவற்றின் பதிவுகளோடு இணைக்க வேண்டும். வியாஃப் திட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சியும் (OCLC) 2003இல் கைகோத்துத் தொடங்கின, விக்கித்தரவு 2012இல் வந்தது. ஆனால் வியாஃபில் பதிவுகளை ஒப்பிட்டுப் பொருத்துவது கணினி. பிறந்த ஆண்டுகூட இல்லாமல் வெறும் பெயரை அனுப்பினால் அது பாவம் என்ன செய்யும்?

கருத்தரங்குகளில், தகவல்களை ஒன்றோடொன்று இணைக்கும் இணைப்புத் தரவு, அறிவு வரைபடம் என்று அழகழகாக ஸ்லைடு போடுகிறீர்கள். இந்த ஊரில் பேருந்து நிறுத்தத்துக்குக்கூட ஐந்து இலக்க எண் உண்டு, தமிழ் எழுத்தாளருக்கு மட்டும் ஆளுக்கு மூன்று பெயர். 1995லேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிய தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் ஊர் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம், அப்புறம் தமிழ் எழுத்துச் சிக்கல் என்று சாக்குச் சொன்னால் எப்படி? சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள். சிங்கப்பூர் எழுத்தாளர்களிலிருந்து தொடங்குங்கள், தமிழ் எழுத்தில் உள்ள பெயரே முதன்மைப் பெயராக இருக்கட்டும். தலைப்பெழுத்தின் விரிவு, புனைபெயர், பிறந்த ஆண்டு எல்லாவற்றையும் குடும்பத்தாரிடம் கேட்டு எங்கள் வட்டத்தினர் திரட்டித் தருகிறோம், சம்பளம் வேண்டாம். யாரிடம் கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள். முகப்பில் இருந்த தம்பி “கருத்துப் படிவத்துல போடுங்க அண்ணே” என்றார். அந்தப் படிவத்தின் பெயர்க் கட்டம் தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. ஆகையால் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்